பழைய கம்ப்யூட்டர்: ஏலத்தில் கேட்பதா, நிலையான விலைக்கு வாங்குவதா?

பழைய கம்ப்யூட்டர் தேடுகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது ஆன்லைன் ஏலத்தைத்தான். விலை அடிமட்டத்தில் தொடங்குவதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் ஓடுகிற மெஷின்தான் வேண்டும் என்றால், நிலையான விலை போட்டு, மூடியைத் திறந்து உள்ளேயும் படம் எடுத்துக் காட்டுகிறவரிடம்தான் நான் வாங்குவேன், விலை கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை.

ஏலத்தில் அடிக்கடி கண்ணில் படும் வரி, "சோதிக்கவில்லை, உள்ளது உள்ளபடி". 1989-இல் வந்த ஆப்பிள் கம்ப்யூட்டரான மேக்கின்டாஷ் எஸ்இ/30-இன் மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன லித்தியம் பேட்டரி இருக்கும். நான் ஏலத்தில் எடுத்த ஒன்றின் கூடு பளிச்சென்று இருந்தது, கழற்றிப் பார்த்தால் பேட்டரி கசிந்து, சுற்றியிருந்த செம்புத் தடங்கள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தன. மனசே விட்டுப்போனது. 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64 இன்னும் மோசம்: அதன் பழைய பவர் சப்ளை கெட்டால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் அதிகமாக ஏற்றி மெமரி சிப்களைத் தீர்த்துவிடும், அதனால் "ஓடுகிறது" என்று சொல்பவரிடம் எந்த சப்ளையை மாட்டிப் பார்த்தார் என்று கேளுங்கள்.

சரி, ஏலம் யாருக்கு? பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கும், கேபிள், மேனுவல், உதிரி பாகம் தேடுகிறவர்களுக்கும். ஈபேயில் உங்கள் உச்சத் தொகையைக் கொடுத்தால், அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவுக்கே அது ஏற்றும். எனவே தொகையை முன்கூட்டியே முடிவு செய்து, கடைசி சில விநாடிகளில் ஒரே தடவை கேளுங்கள். கடைசி நேரக் கேட்புக்கு நேரத்தை நீட்டிக்கும் தளங்களில் மட்டும் இது பலிக்காது.

விற்பவருக்குக் கணக்கே வேறு. ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள்-1 சுமார் 200 தான் செய்தார்கள், 1976-இல் விலை 666.66 டாலர், 2014-இல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் ஒன்று 9,05,000 டாலருக்குப் போனது. இந்த மாதிரி அபூர்வத்துக்கு யாராலும் முன்கூட்டியே விலை போட முடியாது, ஏலம்தான் சரி. ஆனால் கமடோர் 64 ஏராளமாகக் கிடைப்பது. ஏலத்தில் ஒரே ஒருவர் கேட்டால் தொடக்க விலைக்கே போய்விடும். அதனால் விற்று முடிந்தவற்றின் விலையைப் பார்த்து, நிலையான விலையே போடுங்கள். விற்பவர் கேட்கிற விலையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதை நம்ப வேண்டாம்.

அப்புறம், எஸ்இ/30 விற்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். அந்த ஒரு படம் சுத்தமாக இருந்தால் நான் பேரமே பேச மாட்டேன்.