800 ரூபாய் போர்டிங், 5,841 ரூபாய் பில்: கிழக்குக் கடற்கரைச் சாலை நாய்க் காப்பகம் ஒன்றின் மதிப்பீடு

வெளியூர் போகும்போது நாயைக் காப்பகத்தில் விட எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால், எல்லா இடங்களிலும் முதலில் சொல்வது நாள் வாடகையை மட்டும்தான். முட்டுக்காட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் இந்தக் காப்பகத்தில், 25 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு அது 800 ரூபாய். மதுரையில் நடந்த உறவினர் திருமணத்துக்காக ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஒன்பது வயது லேப்ரடாரை அங்கே விட்டோம். செவ்வாய்க்கிழமை மாலை அவளைத் திரும்ப அழைத்தபோது கட்டிய தொகை 5,841 ரூபாய். ஓர் இரவுக்கு என்று வகுத்தால் ஏறத்தாழ 1,460 ரூபாய். பில்லில் இருந்த ஒவ்வொரு வரியும் சேர்க்கைப் படிவத்தில் முன்பே அச்சிடப்பட்டிருந்ததுதான் என்பதால், ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் 800 என்ற எண்ணை மட்டும் நம்பிப் பணம் ஒதுக்குகிறவர்களுக்குக் கணக்கு நிச்சயம் இடிக்கும்.

பில்லின் பெரும்பகுதி நாள் வாடகை. நாயை விடும் நாளும் அழைத்துப் போகும் நாளும் தனித்தனி முழு நாட்களாகக் கணக்கிடப்படுவதால், நான்கு இரவுகள் ஐந்து நாட்களாகி 4,000 ரூபாய் வந்தது. மூட்டு வலி மாத்திரை கொடுப்பதற்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் 250 ரூபாய். வீட்டுக்கு அனுப்பும் முன் குளிப்பாட்டி நகம் வெட்ட 700 ரூபாய்; இதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நீக்கிவிடுகிறார்கள், எழுதாவிட்டால் தானாகச் சேர்ந்துவிடும். ஆக 4,950 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 891 ரூபாய். ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சேவையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால், வீட்டிலேயே ஒன்றிரண்டு நாய்களைப் பார்த்துக்கொள்பவர்களிடம் பெரும்பாலும் இந்தக் கடைசி வரி இருக்காது. இரண்டு இடங்களின் கட்டணத்தை ஒப்பிடும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

நாளை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் பணம் அதிகம் கரைகிறது. சில காப்பகங்கள் 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்கின்றன. சில இடங்களில் இரவுக் கணக்கு. இங்கே காலண்டர் கணக்கு. ஆனால் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் அழைத்துக்கொண்டால் அந்த நாளுக்குக் கட்டணம் இல்லை. நாங்கள் செவ்வாயன்று வைகை எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்கியதே மதியத்துக்கு மேல். திங்கட்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்திருந்தால் விடிவதற்குள் தாம்பரம் வந்து, பத்து மணிக்கு வெகு முன்பே முட்டுக்காடு போயிருக்கலாம். வாடகை, மாத்திரைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 1,003 ரூபாய் குறைந்திருக்கும். காப்பகத்தின் நேர விதியைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுப்பது விசித்திரமாகத் தோன்றலாம். கணக்கு அதைத்தான் சொல்கிறது.

உணவு நாள் வாடகைக்குள் அடக்கம்: காலையில் உலர் தீவனம், இரவில் கோழியும் சாதமும். வீட்டு உணவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தள்ளுபடி கிடையாது. இருந்தும் நாங்கள் வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டோம். தீவனம் திடீரென்று மாறினால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு வரும். அதற்கான மருத்துவச் செலவோடு பார்க்கையில் கிடைக்காமல் போன தள்ளுபடி பெரிதல்ல.

இனி அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது. அறை நான்கடிக்கு ஆறடி. தரை பின்பக்கச் சாக்கடையை நோக்கிச் சரிவாகப் போடப்பட்டிருப்பதால் நீர் தேங்குவதில்லை. படுக்க ஓரடி உயரத்தில் கயிற்றுக் கட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கதவிலும் ஒரு வெள்ளைப் பலகையைத் தொங்கவிட்டு, நாயின் பெயர், உணவின் அளவு, மாத்திரை நேரம், மலம் இறுகலா இளகலா என்பது வரை மார்க்கர் பேனாவால் எழுதி வைக்கிறார்கள். எங்கள் பலகையில் ஞாயிறு காலைக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. கேட்டபோது, அவள் அந்த வேளை சாப்பிடவில்லை என்பதை இன்னொரு நோட்டில் நேரத்தோடு எழுதியிருப்பதைக் காட்டினார்கள். ‘எல்லாம் நல்லா சாப்பிட்டுச்சு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் இடங்களைவிட இந்த நோட்டு எனக்கு நம்பிக்கை தந்தது. தரையை ஃபினைல் போட்டுத் துடைக்காமல், நீர்த்த ப்ளீச் கரைசலால் கழுவுகிறார்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் ஃபினைலுக்கு அடங்குவதில்லை, ப்ளீச்சுக்கு அடங்கும். எனவே நாய்கள் வந்து போகும் இடத்தில் ஃபினைல் வாசனை தூக்கலாக இருந்தால் அதைச் சுத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் பார்வையில் அந்த 800 ரூபாயில் மிகவும் மதிப்புள்ள பகுதி இரவுக் காவல். வாடகை குறைவான பல இடங்களில் இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுப் போனால் மறுநாள் காலைதான் ஆள் வருவார். இங்கே அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில் கட்டில் போட்டு ஒருவர் படுக்கிறார். ‘வயசான நாயை ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு தடவை வெளிய விட்டாத்தான் சார் அதுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி’ என்றார் அவர். சிறுநீரை அடக்க முடியாத அவஸ்தையில் நாயைக் காலை வரை நிற்க வைப்பதற்கும், நள்ளிரவில் ஒருவர் எழுந்து கதவைத் திறப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு நாளொன்றுக்கு 200, 300 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

குறைகளும் உண்டு. கைப்பேசியில் எந்நேரமும் கேமராவில் பார்க்கலாம் என்று சேர்க்கையின்போது சொன்னார்கள். இரவு பத்து மணிக்குமேல் இணைப்பு வேலை செய்யவே இல்லை. காலையில் வாட்ஸப்பில் வரும் வீடியோ பதினைந்து வினாடிகூட ஓடவில்லை. சாதாரண அறையில் மின்விசிறி மட்டுமே. குளிர்சாதன அறைக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் அதிகம். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டைமூக்கு நாய்களுக்குச் சென்னை மே மாதத்தில் அது ஆடம்பரமல்ல, உயிர்ப் பாதுகாப்பு. அவற்றை வளர்ப்பவர்கள் நாள் வாடகையை 1,200 ரூபாய் என்றே கொள்ள வேண்டும்.

பில்லில் வராத செலவுகளும் இருக்கின்றன. ரேபிஸ் தடுப்பூசியும் ஆண்டுக்கொருமுறை போடும் கூட்டுத் தடுப்பூசியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்தின் நகலையும் வாங்கிக்கொள்கிறார்கள். பல நாய்கள் கூடும் இடத்தில் எளிதாகப் பரவும் கெனல் காஃப் இருமலுக்கான தடுப்பு மருந்தை இங்கே கட்டாயமாக்கவில்லை. அதைக் கட்டாயமாக்குவதே சரி. மூக்கில் விடும் வகை மூன்று நாட்களில் பலன் தரத் தொடங்கும், ஊசியாகப் போடும் வகைக்கு முன்கூட்டியே இரண்டு தவணை தேவைப்படலாம் என்பதால், கடைசி நேரத்தில் மருத்துவரிடம் ஓடுவதில் பயனில்லை. உண்ணிக்கான மாத்திரையையும் முன்பே கொடுத்துவிட வேண்டும். காப்பகத்திலிருந்து ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டு வந்து எர்லிக்கியா காய்ச்சல் கண்டால், ரத்தப் பரிசோதனையும் நான்கு வாரம் கொடுக்க வேண்டிய டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் போர்டிங் செலவையே தாண்டிவிடக்கூடும். அவசர மருத்துவத்துக்கு உங்களைக் கேட்காமல் எத்தனை ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுவதாகக் காப்பகத்தார் சொன்னார்கள். நாங்கள் ஒரு தொகையும் எங்கள் மருத்துவரின் எண்ணும் எழுதிக் கொடுத்தோம்.

மாற்று வழிகளையும் பார்த்த பிறகுதான் இதற்கு வந்தோம். ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் தனிக் கூபேயோ முழு கேபினோ நம் பெயரில் அமைய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியிலுள்ள கூண்டுதான், அதில் வயதான நாயை இரவு முழுக்க அடைத்துவைக்க எனக்கு மனமில்லை. கால்நடை மருத்துவமனைகளோடு சேர்ந்த போர்டிங்கில் மருத்துவர் அருகில் இருப்பார். நோயுற்ற நாய்களும் அதே அருகில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து தினமும் இருமுறை உணவு வைத்து நடக்கக் கூட்டிப்போகும் ஏற்பாடு பயந்த சுபாவமுள்ள நாய்களுக்குச் சிறந்தது. ஆனால் சாவியைக் கொடுக்கும் அளவுக்கு ஆள் தெரிந்திருக்க வேண்டும். அடுக்ககத்து வாட்ச்மேனிடம் ஐந்நூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போகும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அவருக்கும் அது நியாயமல்ல, நாய்க்கும் அல்ல.

தனியாக விட்டால் ஊளையிடும் நாய்களுக்கும், மதில் தாண்டிப் பழகிய சிப்பிப்பாறை, கன்னி வகைகளுக்கும் இந்தக் காப்பகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளையாட்டுத் திடலின் வேலி ஐந்தடி உயரம்தான். இனச்சேர்க்கைப் பருவத்தில் (ஹீட்) இருக்கும் பெண் நாய்களை அவர்களே சேர்ப்பதில்லை. மனிதர்களோடு இணக்கமான, நடுத்தர வயதைத் தாண்டிய நாய்க்கு இது பொருத்தமான இடம். எங்கள் நாய் எடை குறையாமல், உண்ணி இல்லாமல் திரும்பினாள்.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் நாள் வாடகை 1,000 ரூபாயாகிறது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டும், ரத்து செய்தால் திருப்பித் தருவதில்லை. பட்டாசுக்கு அரசு ஒதுக்கியிருப்பது காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்றாலும் நகருக்குள் வெடிச்சத்தம் அந்த நேரத்தோடு நிற்பதில்லை என்பதால், ஊரிலேயே இருப்பவர்கள்கூட நாயை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த வாரத்துக்கு இடம் வேண்டுமானால் ஆயுத பூஜைக்கு முன்பே பணம் கட்டிவிடச் சொல்கிறார்கள்.