பள்ளிக்குள் விளையாட்டு விழாவா, வெளிப் போட்டியா?

தொடக்கப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் விளையாட்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். சாக்கு ஓட்டம், எலுமிச்சை கரண்டி என்று ஏதாவது ஒன்றில் பெயர் வந்துவிடும். செலவும் குறைவு.

பள்ளிகளுக்கு இடையேயான போட்டி வேறு ரகம். ஏற்காட்டுப் பிள்ளைகள் சேலம் காந்தி மைதானத்துக்கு வர 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வேனிலேயே வாந்தி எடுத்தால் அப்புறம் எங்கே ஓடுவது? ஆனால் சுண்ணாம்புக் கோடு போட்ட தடத்தில், முன்பின் தெரியாத ஒரு பிள்ளை தன்னை முந்திப் போவதை அங்கேதான் பார்க்க முடியும். சொந்தப் பள்ளியில் எப்போதும் முதலில் வரும் பிள்ளைக்கு அது தேவை. ஓட்டம் முடிந்ததும் அதே பிள்ளையோடு புளிசாதம் பங்கு போடுவதும் நடக்கும்.

சிக்கல், ஆள் தேர்வில்தான். ஒரே வகுப்பில் கிட்டத்தட்ட ஒரு வருட வயது வித்தியாசம் இருக்கும். எட்டு வயதில் அது பெரிய இடைவெளி. மூத்த பிள்ளை ஜெயிக்கும், இளையது ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கிவிடும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், சரி. அதற்காக மூன்றாம் வகுப்பிலேயே பதக்கம் கேட்பதா?

என்னைக் கேட்டால், மூன்றாம் வகுப்புவரை பள்ளி விழா போதும். நான்கு, ஐந்துக்குப் பக்கத்துப் பள்ளியோடு கோகோ, தொடர் ஓட்டம் மட்டும். வகுப்பு மொத்தமும் இறங்கட்டும்.