சென்னை டூ புனே வீடு மாத்தினோம், மூவர்ஸ் எப்படி?
கிட்டத்தட்ட 1200 கிலோமீட்டர், ரெண்டு வாண்டுங்கள வச்சிக்கிட்டு நாமளே பேக் பண்றதெல்லாம் நடக்காதுன்னு மூவர்ஸ்கிட்ட குடுத்தோம், பேர் வேணாம். பேக்கிங் செம்ம. டிவி, ஃப்ரிட்ஜ்ல ஒரு கீறல் இல்ல, சின்னவளோட தொட்டில கழட்டி நட்டு போல்ட்டெல்லாம் தனி கவர்ல போட்டு எழுதி ஒட்டினாரு ஒரு அண்ணன், அவருக்கு பெரிய கும்பிடு.

கடுப்பு ஷேரிங் லோடுலதான். ரேட்டு கம்மி, ஆனா நம்ம சாமான் மத்தவங்க சாமானோட சேர்ந்து குடோன்ல கெடந்து மெதுவாத்தான் வருது, சொன்ன தேதிக்கு வரல, போன் போட்டா எப்பவும் "நாளைக்கு வந்துரும் மேடம்". அதனால பசங்க டிரஸ், டயப்பர், மருந்து, டிசி, பர்த் சர்டிபிகேட், ஒரு குக்கர் இதெல்லாம் கையோட ட்ரெயின்ல எடுத்துட்டு போயிடுங்க. கேஸ் சிலிண்டர் ஏத்த மாட்டாங்க, ஏஜென்சில சரண்டர் பண்ணி டெபாசிட் வாங்கிக்கோங்க. பைக் அனுப்புறதா இருந்தா ஆர்டிஓ என்ஓசி (வண்டிய வேற ஸ்டேட்டுக்கு கொண்டுபோக ஆட்சேபணை இல்லன்னு தர்ற பேப்பர்) முக்கியம், வேற ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா அங்க ரிஜிஸ்டர் மாத்தணும். ட்ரான்சிட் இன்சூரன்ஸ் (வழியில சாமான் டேமேஜ் ஆனா அதுக்கான இன்சூரன்ஸ்) "இருக்கு சார்"னு வாயால சொன்னா நம்பாதீங்க, பேப்பர்ல கேளுங்க.

தனி வண்டின்னா கண்ண மூடிட்டு போடலாம். ஷேரிங்குக்கு என்கிட்ட 2 ஸ்டார்தான், அதுவும் அந்த தொட்டில் அண்ணனுக்காக.