போலீஸ் ஸ்டேஷனில் இருந்து வண்டி எடுக்கிறீர்களா? சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

குட்டியானை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நின்று படியுங்கள்.

என் டிரைவர் ஏற்றிய லோடு திருட்டுக் காப்பர் ஒயர். அவனுக்கே தெரியாது, அது வேறு கதை. லோடோடு வண்டியும் ஸ்டேஷனுக்குப் போனது. என் மேல் வழக்கில்லை. "சார்ஜ்ஷீட் போட்டதும் தானா வந்துரும்ணே, வக்கீல் செலவு எதுக்கு" என்றார் ரைட்டர். நம்பி ஐந்து மாதம் இருந்தேன். டியூ மட்டும் தவறாமல் கட்டினேன்.

தானாக வராது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நாம்தான் மனு போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 497, 503. வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைப்பதில் பயனில்லை, தகுந்த பாண்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டதாம். இதெல்லாம் பிறகு வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

ஆர்டரோடு போனேன். வேப்பமரத்தடியில் நின்றது வண்டி. பின் டயர் இரண்டும் தரையோடு தரை. ரிம்மைச் சுற்றிக் கொடி ஏறியிருந்தது. ஸ்டெப்னி இல்லை, ஜாக்கி இல்லை, தார்ப்பாய் இல்லை. நான் பார்த்தது அவ்வளவுதான். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளை நீட்டினார்கள். வண்டி கிடைத்தால் போதும் என்று போட்டேன். என் முட்டாள்தனம் அங்கேதான்.

மெக்கானிக் வந்து சீட்டைத் தூக்கினார். பேட்டரி இருந்த இடத்தில் வெறும் கிளாம்பு. ஒயரிங்கை எலி மென்று, அதிலேயே கூடு கட்டியிருந்தது. செலவு 38,000.

நஷ்டஈடு கேட்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. போலீஸ் காவலில் இருந்த நகை காணாமல்போன வழக்கில், அதன் மதிப்பை அரசு கொடுக்க வேண்டும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் என்னவெல்லாம் இருந்தது என்பதற்குத் தாள் வேண்டும். பறிமுதல் மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் போலீஸ் எழுதி வைக்கும் தாளில், என் வண்டிக்கு நம்பரும் கலரும் மட்டும்தான். நீங்கள் சீஸ் பண்ணும் அன்றே நகல் கேளுங்கள், பேட்டரி நம்பர் முதல் எழுதச் சொல்லுங்கள், போட்டோ எடுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

மேலதிகாரிக்கு மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. வந்த ஒரே பதில், நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் ஜெராக்ஸ்.