கொடியடுப்பா, புகைபோக்கியா, ராக்கெட்டா, விசிறியா?

கேஸ் வந்த வீடுகளிலும் வெந்நீர் போட, நெல் அவிக்க, களி கிண்ட விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக ஒன்று வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "விறகு எவ்வளவு மிச்சமாகும்?" அதோடு புகை எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும். விறகைப் பாதியாகக் குறைக்கும் அடுப்பு, மீதிப் பாதியின் புகையை வீட்டுக்குள்ளேயே விட்டுவிடலாம்.

புற்றுமண் குழைத்துப் போட்ட கொடியடுப்புக்குக் காசு செலவில்லை, அசையாது, எவ்வளவு நீள விறகையும் ஏற்கும், பக்கத்துத் துளையான கொடியில் குழம்பு மெல்லக் கொதிக்கும். ஆனால் மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குச் சேரும். மண்ணடுப்பு அதைவிடக் கொஞ்சம் மேல். புகை முழுக்கச் சமைப்பவர் முகத்துக்கு. இதுதான் வேண்டும் என்றால் இடம் தாழ்வாரம், அல்லது இரு பக்கம் திறந்த கொட்டகை. நான்கு சுவருக்குள் வேண்டாம்.

வீட்டுக்குள்தான் சமையல் என்றால் எங்கள் கை நீள்வது புகைபோக்கி வைத்த அடுப்புக்கே. ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ்.பி.ராஜு 1953-லேயே இப்படியொரு அடுப்பை வடிவமைத்துக் காட்டினார். 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் மூன்று பாத்திரம் வைக்கும் 'அஸ்த்ரா ஒலே'யைக் கொண்டுவந்தது. மத்திய அரசும் 1983-இல் தொடங்கி 2002 வரை ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டியது. அவற்றில் பல வீணானதற்குப் பராமரிப்பு இல்லாததே பெரிய காரணம். குழாயில் கரி அடைத்தது, புகை திரும்ப வந்தது, குழாயைப் பிடுங்கிப் போட்டார்கள்.

இந்த அடுப்பில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவையே. இரண்டாவது துளையில் பாத்திரம் இல்லாமல் திறந்து விட்டால் குழாயின் இழுவை போய்விடும். அங்கே ஒரு தண்ணீர்ப் பானையாவது இருக்க வேண்டும். பெரிய கட்டை போக அடுப்பு வாயை இடித்து அகலமாக்கினாலும் அதே கதை. 4 அங்குலக் குழாய், கூரை முகட்டுக்கு மேல் 2 அடி, மழை இறங்காமல் தொப்பி. ஓலைக்கூரை வீட்டில் குழாயைக் கூரை வழியாக விடாதீர்கள். பக்கச் சுவர் வழியாக வெளியே எடுத்து, ஓலையிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி நிறுத்துங்கள். காலையில் குழாய் குளிர்ந்திருந்தால் புகை இறங்கும். குழாயின் அடிப்பக்கம் ஒரு தாளைக் கொளுத்திச் சூடாக்கிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

தினமும் எரிந்தால் மாதம் ஒருமுறை, தேங்காய் நாரைக் கட்டாகக் கட்டி, கல் கோத்து, மேலிருந்து கயிற்றில் இறக்கி இழுக்க வேண்டும். ஈர விறகு எரித்த குழாயில் கரி தாராகப் படியும். அது தீப்பிடித்தால் குழாய் 'ஹூ'வென்று இரையும். அடுப்பு வாயை ஈரமண்ணால் அடைத்துக் காற்றை நிறுத்துங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றினால் வெடித்துப் பிளக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய் இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. தூசி நுரையீரலுக்குக் கேடு.

ராக்கெட் அடுப்பு வேறு ரகம். முழங்கை போல வளைந்த எரியறை, சுற்றிலும் வெப்பம் தாங்கும் லேசான பொருள், விறகு அமர ஒரு தட்டு. சுள்ளி கட்டைவிரல் பருமன் இருந்தால் போதும். நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். தட்டுக்குக் கீழேதான் காற்று போகிறது. வாய் நிறைய விறகைத் திணித்தாலோ, சாம்பல் அள்ளாமல் விட்டாலோ சாதாரண அடுப்பைப் போலவே புகையும். விறகு நன்றாக மிச்சமாகும். ஆனால் கையடக்க மாதிரிகளில் புகைபோக்கி கிடையாது, ஆகவே இதுவும் தாழ்வாரத்துக்குத்தான். இன்னொரு சிக்கலை விற்பவர்கள் சொல்வதில்லை: களி கிண்டினால் சாயும். துடுப்பு போட்டு அழுத்திக் கிண்டும் விசையை அந்தச் சின்னக் கால்கள் தாங்காது. சுற்றிச் செங்கல் அடுக்கி, மண் பூசி நிறுத்தினால்தான் கொதிக்கும் பானை காலில் விழாது.

பேட்டரி விசிறி காற்றூதும் அடுப்புதான் நான்கில் சுத்தமாக எரிவது. அடுப்புகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 13152 சாதாரண அடுப்புக்கு 25 சதவீத வெப்பத்திறன் கேட்கிறது, விசிறி அடுப்புக்கு 35. நுண்துகள் வரம்பும் ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு 350 மில்லிகிராமிலிருந்து 150 ஆகக் குறைகிறது. ஆனால் விறகை இரண்டு மூன்று அங்குலத் துண்டாக வெட்ட வேண்டும், பேட்டரி தீர்ந்தால் கரும்புகைதான். வெட்டித் தர ஆளில்லாத வீட்டில் இது பரணுக்குப் போய்விடும்.

எந்த அடுப்பானாலும் விறகு காய்ந்ததாக இருக்கட்டும்: இரண்டு கட்டையைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். சவுக்கு, சீமைக்கருவேலம் நல்லவை. அரளி, பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் அடுப்பில் வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். கொட்டாங்கச்சியும் பன்னாடையும் போதும். நைலான் சேலை, தொங்கும் துப்பட்டாவோடு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குத் தணலை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்குவது உயிரை எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. புகை இல்லையே என்று நம்பக் கூடாது. சாம்பலில் கங்கு மறுநாள் வரைகூட உயிரோடிருக்கும். இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீர் தெளித்துக் கிளறி, ஆறிய பிறகே குப்பைமேட்டில் கொட்டுங்கள்.