செக் இன்ஜின் லைட் எரிந்ததும் ஸ்கேனர் கடைக்கு ஓடாதீர்கள்: எனக்குப் போனது 23,600 ரூபாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுதுவது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 23,600 ரூபாய். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற மல்டி பிராண்ட் சர்வீஸ் சென்டர் ஒன்று, கோவையில்தான். பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி கேபின், ஏசி, ஃபில்டர் காபி, சுவரில் டிவி, அந்த மாதிரி இடம். நீங்கள் மாட்டாமல் இருக்க என்னென்ன செய்யணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி). மீட்டரில் அந்த மஞ்சள் இன்ஜின் படம் எரிய ஆரம்பித்தது. இழுவையில் குறை இல்லை, சத்தம் இல்லை, மைலேஜ் மட்டும் லேசாக அடிவாங்கின மாதிரி. அந்த லைட் மின்னி மின்னி எரிந்தால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை), உடனே ஓரங்கட்ட வேண்டும்; நிலையாக எரிந்தால் பதறாமல் ஓட்டிப் போய்க் காட்டலாம். இது நிலையாகத்தான் எரிந்தது. கம்பெனி சர்வீஸில் அடுத்த வாரம் வாங்க என்றார்கள். மாமனாரைப் பழனிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, அதனால் இங்கே விட்டேன்.

அட்வைசர் சின்ன வயசுதான். நெற்றியில் விபூதி, பேச்சில் அப்படி ஒரு பணிவு. ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ சொருகினான், கையில் பெரிய டேப்லெட், அதில் சிவப்பாக என்னவோ ஓடியது. “பி0420 சார். கன்வெர்ட்டர் போயிருச்சு.” பி0420 என்பது வண்டி பதிந்து வைக்கிற பழுதுக் கோடு, கன்வெர்ட்டர் என்பது சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் பண்ணுகிற பாகம். டேப்லெட்டை என் பக்கம் திருப்பினான், நான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் திரும்ப எடுத்துக்கொண்டான்.

அப்புறம் சொன்னான் பாருங்கள். “புது கன்வெர்ட்டர் அறுபதாயிரம் தாண்டும் சார். ஆனா நீங்க மாத்தாதீங்க, காசு வீண். எங்க அப்பா வண்டியா இருந்தா நான் என்ன செய்வேனோ அதைத்தான் சொல்றேன். ரெண்டு ஓ2 சென்சாரையும் மாத்தி, கன்வெர்ட்டரைக் கெமிக்கல் வாஷ் பண்ணி, இசியூவை ரீகோடிங் பண்ணிட்டாப் போதும். ஸ்கேனிங் சார்ஜ் 800, அது உங்களுக்கு வேண்டாம் சார், விடுங்க.” ஓ2 சென்சார் என்றால் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்ப்பது, இசியூ என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர். அறுபதாயிரம் செலவைத் தடுக்கிறவன் இருபதாயிரத்துக்கா பொய் சொல்வான் என்று யாருக்கும் தோன்றும். அப்படித் தோன்றணும் என்றுதான் அந்த அறுபதாயிரத்தையே எடுத்து விடுகிறார்கள்.

சென்சார் இரண்டு 13,000, வாஷ் 3,500, ரீகோடிங் 2,500, லேபர் 1,000. இருபதாயிரம், அதன் மேல் ஜிஎஸ்டி 3,600. ஆக 23,600, யூபிஐயில் போட்டேன். கையில் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட வெள்ளைத் தாள். ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறான், ஜிஎஸ்டி நம்பர் தாளில் எங்கேயும் இல்லை! பில் மெயிலில் வரும் என்றார்கள், இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

லைட் அணைந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வேறு வந்தேன். மறுநாள் காலை பழனிக்குக் கிளம்பி கிணத்துக்கடவு கூடத் தாண்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், “மாப்ளே, என்னமோ மஞ்சளா எரியுதுங்களே” என்கிறார்.

அதற்கப்புறம் நடந்தது முழுக்க அலைக்கழிப்பு. போன் பண்ணினால், “எந்த பங்க்ல பெட்ரோல் போட்டீங்க சார், அதான் பிரச்சினை.” மறுபடி பண்ணினால், “இசியூ புதுசா கத்துக்கணும் சார், ஒரு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா அணைஞ்சிரும்.” நேரில் போனால் அந்த அட்வைசர் லீவு, மேனேஜர் மீட்டிங்கில். காபி மட்டும் தவறாமல் வருகிறது. கடைசியில் மேனேஜர் வெளியே வந்து, வண்டியைப் பார்க்காமலே, “இது வேற கோடா இருக்கும் சார், நாங்க பண்ணின வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, புதுசா ஸ்கேன் பண்ண 800” என்கிறார். சரி, கழட்டின பழைய சென்சாரைக் காட்டுங்கள் என்றேன். ஸ்கிராப்காரன் எடுத்துட்டுப் போயிட்டானாம். அன்றைக்கு சாயந்திரமே அவர்களிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்: எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். 23,600 வாங்கிக்கொண்டு நட்சத்திரமும் வேண்டுமாம்.

உண்மையைக் கண்டுபிடித்தது மாடி வீட்டுப் பையன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான், ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கின புளூடூத் ஓபிடி டாங்கிள் (வண்டியின் பழுதுக் கோடைப் போனில் காட்டுகிற கருவி) வைத்திருக்கிறான், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு டிரைவர் சீட் பக்கம் தலைகீழாகக் குனிந்தவன், “இந்தா இருக்கு அங்கிள்” என்றான். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடி விளிம்பில், மேல்பக்கம் அகலமும் கீழ்ப்பக்கம் குறுகலுமாக ஒரு பிளாஸ்டிக் சாக்கெட். எட்டு எட்டாக இரண்டு வரிசை, மொத்தம் பதினாறு ஓட்டை. சில வண்டிகளில் ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள் ஒளிந்திருக்குமாம், சிலதில் சின்ன மூடி போட்டிருக்குமாம். எங்கே இருந்தாலும் டிரைவர் சீட்டிலிருந்து ஸ்குரூ டிரைவர் இல்லாமல் எட்டுகிற தூரத்தில்தான் பெரும்பாலும் இருக்கும் என்றான். அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்தே இது கட்டாயம், நம் ஊரில் பிஎஸ்-4 வண்டிகளுக்கு 2013 ஏப்ரலில் இருந்து ஓபிடி-2 என்கிற இதே பழுது காட்டும் முறை. இத்தனை வருஷமாக என் காலுக்கு மேலேயே இருந்திருக்கிறது, இதை என்னவோ ஐசியூ மெஷின் மாதிரி காட்டி 800 ரூபாய் கேட்கிறார்கள்.

டாங்கிளைச் சொருகி, சாவியை ‘ஆன்’ வரை திருப்பி (இன்ஜினைக் கூட ஸ்டார்ட் பண்ணவில்லை), போனில் புளூடூத் சேர்த்து, இலவச ஆப்பைத் திறந்தான். கோடு பி0135. கன்வெர்ட்டர் இல்லை, முன்பக்க ஓ2 சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட், அதாவது சென்சாரைச் சூடாக்குகிற கரண்ட் பாதை. அதோடு விடாமல் இன்னொரு வரியைக் காட்டினான், அதுதான் என் வயிற்றை எரிய வைத்தது. கோடுகளை அழித்ததிலிருந்து வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கு இசியூவிலேயே இருக்கிறது. நானூறு சொச்சம். ஜாப் கார்டில் அவர்கள் எழுதின ஓடோமீட்டர் ரீடிங்கை இப்போதைய ரீடிங்கில் கழித்தால் அதே நானூறு சொச்சம். அதாவது அன்றைக்கு அங்கே வைத்துத்தான் கோடை அழித்திருக்கிறார்கள். 2,500 ரூபாய் ரீகோடிங் என்பது ஆப்பில் இலவசமாக இருக்கிற ‘கிளியர்’ பட்டன். அதை அமுக்கினால் லைட் அணையும், பழுது அப்படியே இருக்கும். இந்த மாதிரிப் பழுதுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் மறுபடி தென்பட்டால் லைட் திரும்ப எரியும். கடையிலிருந்து வீடு ஒரு ஓட்டம், பழனிக்குக் கிளம்பினது இரண்டாவது. கணக்கு சரியாகப் போச்சு. அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃபிரேம் என்கிற பதிவும் சேர்ந்து போய்விடுமாம், பழுது வந்த நொடியில் என்ன ஆர்பிஎம், என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு என்று வண்டி எழுதி வைத்த குறிப்பு. ஆதாரத்தையும் துடைத்துவிட்டார்கள்.

அப்புறம் எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். பானெட்டைத் திறந்து சென்சார் ஒயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். எலி! ஹீட்டருக்குப் போகிற ஒயரை எலி கடித்து ஒரு நூல் அளவுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, 350 ரூபாய். “சென்சார் புதுசுன்னு யாருங்க சொன்னது, மரையெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்குது, இதுல ஸ்பேனரே படலீங்க” என்றார். ரேம்பில் ஏற்றிக் கீழே இருக்கிற சென்சாரையும் பார்த்தோம், சேறு காய்ந்து அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் சொன்னார்: ஓ2 சென்சாரிலேயே பழுது என்று வண்டி பதிந்துவிட்டால், பொதுவாக அது கன்வெர்ட்டரைச் சோதிக்கிற வேலையையே நிறுத்திவைத்துவிடும். பிறகு எங்கிருந்து வந்தது அந்த பி0420? டேப்லெட்டில் இருந்தது என் வண்டிதானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

350 ரூபாய் வேலை. 23,600 ரூபாய். போட்டோ, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்தேன். “சீப் டாங்கிளெல்லாம் தப்பாக் காட்டும் சார்.” சரி, துருவும் தப்பாகக் காட்டுமா என்றேன். பதில் இல்லை. “வெளியே வேலை பார்த்துட்டீங்க, இனிமே வாரன்ட்டி கிடையாது. சும்மா நெட்ல எதையாவது போட்டீங்கன்னா எங்க லீகல் டீம் பார்த்துக்கும்.” இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், பொறுமை இல்லை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். லைட் எரிந்தால் கடைக்குப் போகும் முன்னால் நீங்களே ஒரு டாங்கிள் போட்டுக் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். விலை குறைந்த டாங்கிள்களில் இருப்பது பெரும்பாலும் ஈஎல்எம்327 சிப்பின் காப்பிதான் (அசலைச் செய்த கனடா கம்பெனியே 2022-ல் மூடிவிட்டது), ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் பெரும்பாலும் படிக்காது, இன்ஜின் கோடுக்குப் போதும். ஐபோன் என்றால் சாதாரண புளூடூத் டாங்கிள் சேராது, வைஃபை அல்லது புளூடூத் எல்இ பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் கழட்டிவிடுங்கள், அந்த சாக்கெட்டில் சாவி எடுத்த பிறகும் பேட்டரி கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். கோடு என்பது எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று சொல்லுமே தவிர எந்தப் பார்ட்டை மாற்றணும் என்று சொல்லாது, அதை வைத்துப் பார்ட் விற்பவனை நம்பாதீர்கள். பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள், ஜிஎஸ்டி நம்பர் இல்லாத தாளுக்கு ஜிஎஸ்டி கொடுக்காதீர்கள். மாற்றின சென்சாரைப் பணம் கட்டும் முன்னால் நேரில் பாருங்கள்.

மீதி அப்புறம். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட வேண்டும், அதற்குள் அந்த எஸ்டிமேட் தாளையும் ஜாப் கார்டையும் ஜெராக்ஸ் எடுக்கணும்.