நூறு இன்ச் சுவரில் 2025: ஆட்டம் பார்க்க புரொஜெக்டர் வாங்கலாமா?

புரொஜெக்டர் வாங்கலாமா, அதே காசுக்கு டிவியே போதுமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 மே மாதம் வாங்கினேன். பதினாலாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. 1080பி படம், தானாக ஃபோகஸ் ஆகும், உள்ளேயே ஆண்ட்ராய்டு. ஆன்லைனில் பல பெயர்களில் விற்கிற அந்த வகைதான். இந்த விலையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் பிராண்டைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது சினிமாவுக்கு ஓடியதே குறைவு, ஆட்டத்துக்குத்தான் ஓடியது. அதனால் விமர்சனமும் ஆட்டங்களை வைத்துத்தான்.

வாங்கியதே அப்பாவுக்காக. போக்குவரத்துக் கழகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் க்ளாக்கோமா, பார்வை நரம்பைப் பாதிக்கும் நோய். 32 இன்ச் டிவியில் ஸ்கோர் எழுத்து தெரியாது, பந்து தெரியவே தெரியாது. கமென்ட்ரியைக் கேட்டுவிட்டு "யாரும்மா அவுட்டு?" என்பார். மதுரை கே.புதூரில் எங்கள் ஹாலில் ஒரு சுவர் முழுக்க காலியாக இருந்தது. ஒன்பது அடி தூரத்தில் வைத்தால் நூறு இன்ச் படம் வருகிறது. முதல் நாளே ஸ்கோரை அவரே வாசித்தார். எனக்கு அந்த ஒன்றிலேயே காசு வசூல்.

முதலில் பெரிதாகப் பார்த்தது தோஹா டைமண்ட் லீக், மே 16. வெயில் காலம் என்பதால் மொட்டை மாடியில், படிக்கட்டு அறையின் வெள்ளைச் சுவரில். ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா முதல் முறையாக 90 மீட்டரைத் தாண்டினார், 90.23. கடைசி எறிதலில் ஜெர்மனியின் ஜூலியன் வெபர் 91.06 எறிந்து முதலிடம் பிடித்தார் என்பது வேறு விஷயம். அந்த 90-க்கு எத்தனை வருடம் காத்திருந்தோம்! ராத்திரி இருட்டில் படம் அருமையாக இருந்தது. மாடியில் ஒரே தொல்லை பூச்சிதான். மழைக் காலத்தில் ஈசல் வெளிச்சத்தைத் தேடி வந்து லென்ஸ் முன்னாலேயே சுற்றும், சுவரில் அதன் நிழல் உள்ளங்கை அளவுக்கு ஓடும். ஐப்பசி பிறந்ததும் ஹாலுக்கு இறக்கிவிட்டோம்.

வெளிச்ச விஷயத்தில் கவனமாக இருங்கள். பெட்டியில் 9,000 லூமன் என்று போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். ஆன்சி லூமன், அதாவது தர முறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் கணக்கு போடவில்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள், அவரும் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். என்னுடையதில் ஆன்சி கணக்கு 400. ராத்திரிக்குத் தாராளம், பகலுக்குப் பற்றாது.

ஆகஸ்ட் 4, லண்டன் ஓவலில் இந்தியா-இங்கிலாந்து டெஸ்ட்டின் ஐந்தாம் நாள்தான் இதற்கு உதாரணம். நம் நேரப்படி மதியம் மூன்றரைக்குத் தொடக்கம். இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், கையில் நான்கு விக்கெட். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டினோம். அப்படியும் படம் வெளிறித்தான் இருந்தது. ஆனாலும் அன்று யாரும் டிவிக்குப் போகவில்லை. இங்கிலாந்தின் கிறிஸ் வோக்ஸ் இடது கையைத் தூளியில் கட்டி, ஸ்வெட்டருக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையில் மட்டையோடு இறங்கி வந்தாரே, அதை ஆள் உயரத்தில் பார்த்தோம். ஓடும்போது வலியில் முகம் சுருங்குவது தெரிந்தது. எதிரணி ஆட்டக்காரருக்காக எங்கள் வீட்டில் எல்லோரும் கை தட்டியது அன்றுதான். அப்புறம் நம் பந்துவீச்சாளர் சிராஜ். முந்தின நாள் புரூக்கை 19 ரன்னில் பிடித்துவிட்டு எல்லைக் கயிற்றை மிதித்தவர், புரூக் 111 அடித்துவிட்டுப் போனார். அந்தப் பாரத்தோடு மறுநாள் காலையில் வந்து, அட்கின்சனின் ஆஃப் ஸ்டம்பை யார்க்கரில் பெயர்த்து, ஆறு ரன்னில் ஜெயிக்க வைத்தார். ரன் கணக்கில் டெஸ்ட்டில் இந்தியாவின் மிகக் குறுகிய வெற்றி அது. என்னைக் கேட்டால் ஆண்கள் கிரிக்கெட்டில் 2025-இன் ஆட்டம் இதுதான், ஐபிஎல் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

அந்த ஸ்டம்ப் சத்தம் படத்தோடு சேர்ந்தே வந்தது என்றால் அதற்குக் காரணம் ஒரு ஆக்ஸ் வயர். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் சின்ன அறைக்குத்தான் ஆகும். ப்ளூடூத் ஸ்பீக்கர் மாட்டினால் சத்தம் பிந்துகிறது. பந்து மட்டையில் பட்டு கவருக்குப் போன பிறகு 'டொக்' என்று கேட்டால் ஆட்டமே கெட்டுப்போகும். பழைய ஹோம் தியேட்டர் கிடந்தால் வயரில் இணையுங்கள். விசிறிச் சத்தமும் அதில் அமுங்கிவிடும்.

இன்னொன்று, உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டை நம்பி வாங்காதீர்கள். இந்த விலைப் பெட்டிகள் பலவற்றில் ஓடிடி ஆப்களுக்கான முழு அனுமதி கிடையாது, இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். தனியாக ஒரு ஃபயர் டிவி ஸ்டிக் வாங்கி ஹெச்டிஎம்ஐயில் செருகினேன், படம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஸ்டிக்கின் டிஸ்ப்ளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் வைத்துவிடுங்கள், பந்தைத் தொடர்ந்து கேமரா ஓடும்போது படம் வெட்டி வெட்டிப் போவது குறையும்.

அக்டோபர் 30 அன்று அந்தத் தெளிவு எவ்வளவு பெரிய வரம் என்று தெரிந்தது. மகளிர் உலகக் கோப்பை அரையிறுதி, நவி மும்பை. ஆஸ்திரேலியா 338. அதுவரை மகளிர் ஒருநாள் ஆட்டத்தில் யாரும் துரத்தி எடுக்காத ரன். கீழ் வீட்டு அக்காவும் அவர் மகளும் வந்துவிட்டார்கள். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு, பள்ளி அணியில் ஆடுகிறாள். ஸ்மிருதி போனதும் அக்கா எழுந்து சமையலைக் கவனிக்கக் கிளம்பினார். மகள் நகரவில்லை. ஹர்மன்பிரீத் 89 அடித்து அவுட் ஆன பிறகும் ஜெமிமா நின்றார். 82-இல் ஆஸ்திரேலியாவின் ஹீலி அவர் கேட்ச்சை விட்டபோது அப்பா, தாத்தா காலத்து சாமி பெயரெல்லாம் சொன்னார். கடைசிப் பக்கம் கேமரா ஜெமிமா முகத்துக்குப் போகும்போதெல்லாம், ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் உதடு அசைவது தெரிந்தது, தனக்குத் தானே பேசிக்கொண்டே ஆடினார். சட்டை முழுக்க மண். 127, ஆட்டமிழக்கவில்லை. ஒன்பது பந்து மிச்சம் வைத்து அமன்ஜோத் பவுண்டரி அடித்ததும் ஜெமிமா அழுதார், கீழ் வீட்டுப் பெண்ணும் அழுதாள். 2025-இன் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் திரும்பப் பார்க்க முடியும் என்றால் எனக்கு இதுதான், இறுதிப் போட்டி கூட இல்லை.

இறுதிப் போட்டியில் வேறொரு குறை வெளிப்பட்டது. ஸ்ட்ரீமிங் பிந்தி வரும். நாங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட அரை நிமிடம் பழைய ஆட்டம், பக்கத்து வீட்டில் டிடிஹெச். தென்னாப்பிரிக்காவின் வோல்வார்ட் 101-இல் தூக்கி அடித்தது எங்கள் சுவரில் இன்னும் வரவே இல்லை, பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்டுவிட்டது. அமன்ஜோத் அந்தப் பந்தைத் தட்டுத் தடுமாறி, ஒரு முறை நழுவி, மறு முறை நழுவி, கடைசியில் ஒற்றைக் கையில் பிடித்தார். அந்தப் பதைப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை, முடிவு தெரிந்துபோனதே! உடனே எங்கள் செட்டாப் பாக்ஸைக் கழற்றி வந்து புரொஜெக்டரில் மாட்டினோம். அதனால் தீப்தியின் பந்தில் டி கிளார்க் அடித்ததை ஹர்மன்பிரீத் பின்னால் ஓடி எம்பிப் பிடித்த கேட்ச்சை ஊரோடு சேர்ந்து கத்த முடிந்தது. நள்ளிரவை ஒட்டிய நேரம், தெருவில் வெடிச் சத்தம். காயமடைந்த பிரதிகாவுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்த ஷஃபாலி 87 ரன்னும் இரண்டு விக்கெட்டும், தீப்தி 58 ரன்னும் ஐந்து விக்கெட்டும். முக்கியமான ஆட்டம் என்றால் டிடிஹெச் வயர்தான், இதில் மாற்றுக் கருத்தே இல்லை.

நவம்பர் கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை எங்கள் ஊருக்கே வந்தது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இந்தியா சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்ததை நேரில் பார்த்தேன். எந்தத் திரையும் அதற்கு ஈடாகாது, பந்து பலகையில் மோதும் ஓசை கேலரி வரை வருகிறது. சென்னையில் நடந்த வெண்கல ஆட்டத்தை வீட்டில் பார்த்தோம். அர்ஜென்டினா 2-0 முன்னிலை. கடைசிக் கால் பகுதியில் வரிசையாக நான்கு கோல், 4-2. ஓரத்தில் பயிற்சியாளராக ஸ்ரீஜேஷ். வேகமான ஹாக்கியில் இந்த விலைப் புரொஜெக்டர் கொஞ்சம் திணறுகிறது, பந்துக்குப் பின்னால் லேசாக இழுவை தெரியும். பெனால்டி கார்னரில் ரீப்ளே வந்தால்தான் அப்பாவுக்குப் புரிந்தது.

தூசி பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடிய லென்ஸ் அமைப்பு இல்லாத மாடல் என்றால் உள்ளே தூசி போய்ப் படத்தில் புள்ளி விழும். என்னுடையதில் இடது மேல் மூலையில் ஒன்று விழுந்துவிட்டது, பச்சைப் புல்லில் தெரியாது, வெள்ளைச் சீருடையில் தெரியும். கூட ஆயிரம் இரண்டாயிரம் ஆனாலும் மூடிய அமைப்பு உள்ளதாக வாங்குங்கள். பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, படத்தின் கோணலை நிமிர்த்தும் கீஸ்டோன் வசதியில் சரிக்கட்டாமல் சுவருக்கு நேராக வையுங்கள், எழுத்து கூர்மையாக இருக்கும்.

2026 டி20 உலகக் கோப்பைக்குத் தொடக்க நாள் பிப்ரவரி 7, சேப்பாக்கத்திலும் ஆட்டங்கள் உண்டு. இரவு ஏழு மணி ஆட்டங்களுக்கு வாங்குவதென்றால் தைரியமாக வாங்கலாம். காலை 11 மணி ஆட்டங்களுக்கு டிவியைத் துடைத்து வையுங்கள். தனியாகப் பார்க்கிறவர்களுக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம். வீட்டில் கண் மங்கிய பெரியவர் ஒருவரும், ஆட்டம் என்றால் மாடி ஏறி வரும் அக்கம்பக்கமும் இருந்தால் மட்டும் யோசிக்காமல் வாங்குங்கள்.